வெறும் உப்புத்தண்ணி

"கொஞ்சம்கூட மூடலை," என்றபடி கையுறையைக் கழற்றினார் டாக்டர். மேஜையில் ஒருக்களித்துப் படுத்திருந்த பஸ் டிரைவர் சிரித்தார்.

வராந்தாவில் காத்திருந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். "மூடலைதானே?"

"மூடலை!"

"அப்பாடா!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

குரோன் நோய் டிரைவரின் குடலை அரித்து, ஆசனவாய்க்குப் பக்கத்தில் பௌத்திரமாகத் துளை போட்டிருந்தது. எந்நேரமும் சீழ் கசியும்; உட்காரவே முடியாது. இரவு பகலாக பஸ் ஓட்டியவர், இப்போது டிப்போவில் நின்றபடியே டயருக்குக் காற்றுப் பார்க்கிறார்.

"உட்கார்ந்து தின்னா மலையும் கரையும்பாங்க. நம்ம வீட்டு மலைக்கு அந்தப் பயமே இல்லை," என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். போகப்போக, அவர் துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு பேசாமல் துவைக்கப் போய்விடுவாள்.

மாத்திரை, ஊசி, கத்தி எதற்கும் அந்தத் துளை மசியவில்லை. கடைசியில்தான் இந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். ஆரோக்கியமான ஒருவரின் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைப் பாதிப் பேருக்குத் துளையைச் சுற்றி ஊசியாகப் போடுவார்கள். மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது.

"எதைப் போட்டாலும், முதல்ல துளையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, உள்வாயைத் தைச்சுடுவோம். அதுலயே ஆறினவங்களும் உண்டு," என்றார் டாக்டர், சேர்த்த அன்று.

"பஞ்சர் ஒட்டற மாதிரின்னு சொல்லுங்க," என்றார் டிரைவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இதுவும் கேட்கலைன்னா ஆசனவாயை எடுத்துட்டு, வயித்துல பை மாட்டறதுதான். காலம் முழுக்க. ஆனா, உப்புத்தண்ணி விழுந்து ஆறாம இருக்கிறவங்களுக்கு, ஆராய்ச்சி முடிஞ்சதும் மருந்து போடுவோம்."

டிரைவருக்குப் போட்ட அதே வாரம் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு வாத்தியார். போன மாதம் அவருக்குத் துளை சுத்தமாக மூடிவிட்டது. "நாற்காலியில உட்கார்ந்து பேசறேன் டிரைவர்! நல்லாச் சாய்ஞ்சு உட்கார்ந்து பேசறேன்!" என்று போனில் அழுதார்.

போனை வைத்ததும் டிரைவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அவருக்கு மருந்து, எனக்குத் தண்ணி. தண்ணிக்கு எங்கேயாவது புண் ஆறுமா?" அன்றிலிருந்து, சீழ் கசிகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு நல்ல நாளாகிவிட்டது. மனைவி பழையபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துவைத்தாள்.

இன்று நடந்ததுதான் கடைசிப் பரிசோதனை. இது முடிந்த பிறகுதான் யாருக்கு எது என்று சொல்வார்கள்.

"இந்த வாட்டி நிஜ மருந்து," என்றார் டிரைவர், வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றபடி. "ஆறின மறுநாளே உன்னை முன்சீட்டுல உட்கார வெச்சு ஒரு நீள ரூட் போறேன் பாரு."

"முதல்ல நீங்க உட்காருங்க. அப்புறம் என்னை உட்கார வைக்கலாம்." அவள் கண் கலங்கியே சிரித்தாள். "இனிமே வீட்ல பைங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது, ஆமா."

நர்ஸ் கூப்பிட்டாள். இருவரும் உள்ளே போனார்கள். மனைவி நாற்காலி நுனியில் உட்கார, டிரைவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பத்தான் எங்களுக்கே சொன்னாங்க..." என்று இழுத்தார் டாக்டர்.

"எனக்குத் தெரியும் டாக்டர். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்று அவசரமாகக் குறுக்கிட்டார் டிரைவர். "அடுத்த ஊசி என்னிக்குன்னு மட்டும் சொல்லுங்க. டிப்போல லீவு சொல்லணும்."

டாக்டர் அவரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

"இவருக்குப் போட்டது மருந்துதாம்மா."