மின்மினிக்குப் பழகிய வீடு

மரங்கொத்தியின் பொந்தை வாடகைக்குக் கேட்டு மைனா வந்தது. அதன் இறக்கைக்குள்ளிருந்து ஒரு மின்மினி எட்டிப் பார்த்தது.

"பூச்சி வளர்க்கிறவங்களுக்கு வீடு விடுறதில்லம்மா. சுவர் பாழாயிடும்."

"இது கத்தாது, கடிக்காது அண்ணே. வேற இடம் கிடைக்கிற வரைக்கும்தான்."

மரங்கொத்தி அரைமனதாகச் சம்மதித்தது. தினமும் பொழுது சாய்ந்ததும் சுவரைச் சோதிக்க வந்துவிடும். அது ஒரு தட்டுத் தட்டினால் மின்மினி ஒருமுறை மினுக்கும். இரண்டு தட்டினால் இரண்டு முறை. விளையாட்டு முற்றி, சுவரில் ஓட்டையே விழுந்துவிட்டது.

ஒருநாள் மைனா சொன்னது: "வேப்பமரத்துல இடம் கிடைச்சிருச்சு அண்ணே. நாளைக்குக் காலி பண்றோம்."

மரங்கொத்தி மின்மினியையே பார்த்தது.

"அதுக்கு இந்த வீடு பழகிப்போச்சும்மா. பேசாம நீயும் துணைக்கு இங்கயே இரு."