நாலு கிலோ

கையில் வாங்கிய இரும்புக் குண்டை மணியம்மாள் திருப்பி நீட்டினாள்.

"சார், இது எடை கம்மியா கீது."

வரிசையில் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். குண்டு எறிதல் நடுவர் மோசஸ் சிரிக்கவில்லை. விசில் மாட்டிய நாளிலிருந்து, குண்டு கனமாக இருக்கிறது என்று சொன்ன பெண்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"காலையில நானே எடை போட்டேம்மா. நாலு கிலோ."

"இல்ல சார். நாலு கிலோ எனுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

எளாவூர்ப் பக்கத்துக் கிராமம். பள்ளியில் இரும்புக் குண்டு கிடையாது. நாலு கிலோவில் உருண்டையாக எது கிடைத்தாலும் சரி என்று டிரில் டீச்சர் சந்திரகலா சொல்லிவிட்டாள். ஆற்றிலிருந்து ஒரு கல் வந்தது. அம்மி கொத்துகிறவர் அதைப் பரசுராமனின் நெல் மண்டி வாசலில் உட்கார்ந்து உருண்டையாகக் கொத்தினார்.

தராசின் ஒரு தட்டில் இரண்டு கிலோ எடைக்கல் இரண்டு. மறு தட்டில் ஆற்றுக் கல். வைப்பார், எடுப்பார், இன்னும் கொஞ்சம் கொத்துவார். முள் நடுவில் வந்து நின்றபோது பரசுராமனே கை தட்டினார்.

"நம்ம தராசுல பொறந்த கல்லு. ஜெயிச்சா எனுக்கும் பங்கு குடுக்கணும்" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. களத்துமேட்டில் கல் விழுந்த குழிகளை அவள் அப்பா துளசிராமன் முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியால் மூடுவார்.

அவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல். போன வருஷம் போட்டியும் நடவும் ஒரே நாளில் வந்தன. நடவு ஜெயித்தது.

இந்த வருஷம் விட்டார். ஒரு நிபந்தனையோடு.

"இந்த ஒரு வாட்டிதான். தேறலேன்னா கல்லு கெணத்துக்குள்ள. நீ வயலுக்குள்ள."

எட்டரை மீட்டர் தாண்டினால் மாநிலப் போட்டி. இல்லையென்றால் கிணறு.

துளசிராமனும் திருவள்ளூர் மைதானத்துக்கு வந்திருந்தார். மகளின் போட்டியைவிட அவருக்கு ஊர் திரும்பும் பஸ் கவலை பெரிது. நாளைக் காலையில் களத்தில் நெல் எடை. வருஷா வருஷம் போல நெல்லை வாங்கிக்கொள்ளப் பரசுராமன் அதே தராசையும் எடைக்கற்களையும் வண்டியில் கொண்டுவந்துவிடுவார்.

மோசஸ் இரும்புக் குண்டைத் தராசில் வைத்தார். தாலுகா ஆபீசிலிருந்து வந்த தராசு. எதிர்த் தட்டில் முத்திரை குத்திய இரண்டு கிலோ எடைக்கல் இரண்டு.

முள் நடுவில் நின்றது.

"பாத்துக்கினியா? போம்மா, போய்ப் போடு."

மணியம்மாளுக்கு முகம் சுருங்கியது. தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் போனாள்.

பழகிய வேகத்தில் உந்தினாள். கையில் பாரமே இல்லை. உடம்பு குண்டோடு சேர்ந்து முன்னே போயிற்று. கால் வட்டத்துக்கு வெளியே.

சிவப்புக் கொடி.

இரண்டாவது முறையும் அதே. சிவப்புக் கொடி.

மொத்தமே மூன்று வாய்ப்பு.

"இன்னாமே, பூசணிக்கா திருடிக்கினு ஓடுறவளாட்டம் ஓடுறே?" கயிற்றுக்கு அப்பாலிருந்து துளசிராமன் கத்தினார். "நம்ம கல்லுன்னு நெனச்சுக்கினு போடு!"

அவள் கண்ணை மூடினாள். ஆற்றுக் கல்லின் சொரசொரப்பை உள்ளங்கையில் நினைத்துக்கொண்டாள். அதன் கனம் தோளில் இறங்கும்வரை காத்திருந்தாள்.

குண்டு போய் விழுந்த இடத்துக்கு, அளவு நாடா பிடிக்க நின்றிருந்தவர் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

வெள்ளைக் கொடி. ஒன்பது மீட்டர் நாற்பது.

மோசஸ் இரண்டு தடவை அளந்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"எதுலம்மா பழகுனே?"

சந்திரகலா டீச்சர் பெருமையோடு பையிலிருந்து கல்லை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிய மோசஸின் கை சற்றே கீழே போயிற்று. அவர் நேராகத் தராசுக்கு நடந்தார்.

எதிர்த் தட்டில் அதே நாலு கிலோ. கல் இருந்த தட்டு தொப்பென்று இறங்கி உட்கார்ந்தது.

அரை கிலோ எடைக்கல் ஒன்றையும் சேர்த்தார். முள் நடுவுக்கு வந்தது.

"நாலரை! அரை கிலோ கூட வெச்சு ரெண்டு வருஷம் பழகிக்கீது பொண்ணு. பின்ன பறக்காதா?" மோசஸ் இப்போதுதான் சிரித்தார். "இத்த எடை போட்டுக் குடுத்த மனுசனுக்கு ஒரு மாலை போடணும்!"

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மணியம்மாளும் சிரித்துக்கொண்டே அப்பாவைத் தேடினாள்.

துளசிராமன் கயிற்றைத் தாண்டித் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அந்த அரை கிலோ எடைக்கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"இந்தக் கிலோக் கணக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது டீச்சர்?"

"ஏழெட்டு வருஷம் இருக்குமே. ஏன்?"

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மணியம்மாள் காலடியில் இருந்த பையைத் தட்டிக் காட்டினாள்.

"நைனா, இனிமே இரும்புக் குண்டே தராங்களாம். இத்தக் கெணத்துல போட்டுடலாமா?"

துளசிராமன் குனிந்து கல்லை எடுத்தார். துண்டால் மண்ணைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்மே. நாளிக்குக் களத்துல நெல்லுக்கு முன்னாடி இது தராசுல ஏறட்டும்."