அளவுக்கு நிற்பவள்

"முகம் தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு போதும், வாரன். நீ எடுத்ததா இருக்கணும்" என்றேன்.

நாளைக் காலை எங்கள் மார்னியை அடக்கம் செய்கிறோம். சனிக்கிழமை சைக்கிளில் போனவள், உயிரோடு திரும்பவில்லை. மண்டபத்தில் காட்டப் பள்ளிக்கூடப் படங்கள் என்னிடம் இருந்தன. பெற்ற அப்பா எடுத்த படம் ஒன்றாவது வேண்டாமா?

வாரன் டேப்லெட்டைத் திறந்தான்.

எல்லாப் படத்திலும் லான்செலின் ஊர்க் கடற்கரையின் சுண்ணாம்புப் பாறை. அதன் ஓரத்தில் மார்னி. நான்கு வயதில், ஏழில், போன மாதம் பதினைந்து வயதில். எல்லாவற்றிலும் முதுகு.

ஆராய்ச்சிக்காகப் பாறையைப் படமெடுக்கிறவர்கள் பக்கத்தில் ஏதாவது வைத்துத்தான் எடுப்பார்கள். பாறை எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமே. மற்றவர்கள் சுத்தியலை வைப்பார்கள். என் புருஷனுக்கு மகள் கிடைத்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ செல்லம். உன் முகம் தெரிஞ்சா ஒருத்தனும் பாறையப் பாக்க மாட்டான்" என்பான்.

அவள் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

அந்தப் பாறை ஒரு காலத்தில் சிப்பித் தூள் குவிந்த மணல்மேடு. மழை பட்டுப் பட்டு இறுகிக் கல்லாகிவிட்டது. அலை பரப்பிய மணல் அநேகமாகப் படுத்துக் கிடக்கும். காற்று கொண்டுவந்து கொட்டியதோ மேட்டின் மறுபக்கம் நல்ல சாய்வாகச் சரியும். கல்லில் அந்தச் சரிவைப் பார்த்தே, லட்சம் வருஷத்துக்கு முன் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று வாரன் சொல்லிவிடுவான். பெரிய கெட்டிக்காரன்.

விரலால் தள்ளிக்கொண்டே போனான். முதுகு. முதுகு. சிவப்புத் தொப்பி போட்ட முதுகு.

ஒன்றில் மட்டும் திரும்பியிருந்தாள். சிரிக்கிறாள் போலிருக்கிறது. கடல்காற்று முடியை அள்ளி முகம் முழுக்கப் போட்டிருந்தது.

வாரன் அந்த முடியையே பார்த்தான்.

"தென்மேற்கு" என்றான், பழக்கத்தில். "பாறையில இருக்கற அதே காத்து."

பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அவனை நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். 

அதற்குப் பதில் திரையில் விரலை வைத்து, அவள் நெற்றியில் கிடந்த முடியை மெல்ல ஒதுக்கினேன்.

படம் நகர்ந்துவிட்டது. அடுத்ததில், அப்பா சொன்னபடி, பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.