தொட்டாலே பாடும் கட்டைகள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. இசைக்கருவிக் கடையில் வேலை செய்த தோழி சொன்னது.

இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மேற்கத்திய செவ்வியல் இசை பழகிய பெர்னதெத், விடுதிக்குத் தூக்கிப் போக ஒரு டிஜிட்டல் பியானோ தேடி அந்தக் கடைக்கு வந்தாள். அங்கே பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாக இரண்டு பியானோக்கள் இருந்தன.

"என் கட்டைகள் கனம். அழுத்தணும், விரல் வலிக்கும்," என்றது பெரியது.

"இப்படிப் பேசினா உன்னை யார் வாங்குவா?" என்று சிரித்தது சின்னது. "நீ தொட்டாலே நான் பாடுவேன் பாப்பா. ஒரு கையில தூக்கிடலாம்."

சின்னதை வாங்கினாள். அதில் பிசகில்லாமல் வாசித்தாள்.

தேர்வு அறையில் இருந்தது கனத்த கட்டைகள் கொண்ட நிஜப் பியானோ. "அழுத்தும்மா, சத்தமே வரல," என்று அது கெஞ்சியது. அவள் விரல்களுக்குத் தொடத்தான் தெரிந்திருந்தது. இடம் கிடைக்கவில்லை.

பிறகு அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். பெரியது விற்காமல் நின்றது. சின்னது திரும்பி வந்திருந்தது. ஒரு சிறுமி அதைத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.