மூன்றாவது கிண்ணம்

கொரிய உணவகத்தில் சிவஞானமும் திலகாவும் மூன்று பேருக்குச் சாப்பாடு சொன்னார்கள். போன மாதம் வரை மகள் மதிவதனி அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த கடை அது. மேசை நடுவிலேயே அடுப்பு இருந்தது. பணிப்பெண் அதில் கறியைச் சுட்டு, துணி வெட்டுவதைப் போலக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டாள். புகை முகத்தில் அடித்தும் இருவரும் விலகவில்லை.

“இன்னொருத்தர் வந்ததும் அவங்க சோத்தைக் கொண்டு வரட்டுமா, சார்?”

“இப்பவே வச்சிரும்மா.”

திலகா ஸ்பூனைத் தன் சோற்றில் நட்டுக்குத்தலாக நிறுத்திவிட்டு, கை துடைக்கத் தாள் எடுத்தார். பணிப்பெண் பதறிப்போய் ஸ்பூனைப் பிடுங்கினாள்.

“அப்படிக் குத்தக் கூடாதும்மா. கொரியாக்காரங்க செத்தவங்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி வைப்பாங்க. எங்க ஓனரம்மா பார்த்தா திட்டுவாங்க.”

“தெரியாதும்மா” என்றார் திலகா.

கறி கருகத் தொடங்கியது. சிவஞானம் அதைத் திருப்பிப் போடவில்லை. மூன்றாவது சோற்றுக் கிண்ணத்தைக் காலி நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். திலகா ஸ்பூனுக்காகப் பணிப்பெண்ணிடம் கையை நீட்டினார்.

“ஏம்மா, குத்தும்போது ஸ்பூனோட குழி எந்தப் பக்கம் பார்க்கணும்?”