சிவப்புத் துணி முடிச்சு

"இந்தா, முதல்ல இதைப் பிடி. பேச்சு அப்புறம்."

கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக எல்டனின் கையில் சிவப்புத் துணி முடிச்சு ஒன்றைத் திணித்தாள் ரோசெல்லா. உள்ளே புகையிலை.

"எதுக்குக்கா?"

"அப்புறம் சொல்றேன். வாங்கிக்க மாட்டியா?"

"பெரியம்மா பொண்ணு குடுத்து வேண்டாம்னு சொல்வேனா?" முகர்ந்து பார்த்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஹூரான் ஏரித் தீவில் ரோசெல்லாவின் சுருட்டுக் கடையைத் தெரியாதவர் இல்லை. கியூபா, நிகராகுவா என்று எல்லா ஊர்ச் சுருட்டும் கிடைக்கும். ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் ஓர் அட்டை இருக்கும். அந்த மண்ணில் இந்த இலையை முதலில் வளர்த்த பழங்குடிகளின் பெயரை அவளே கைப்பட எழுதி வைத்திருந்தாள். எந்த நகரத்துக் கடையில் இந்த மரியாதையைப் பார்க்க முடியும்?

கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஜாடிக்கு மட்டும் விலை கிடையாது. அதில் இருந்தது அவள் தோட்டத்துப் புகையிலை. சடங்குக்கு என்று யார் கேட்டாலும் சும்மாவே அள்ளிக் கொடுப்பாள். அந்தத் தீவின் பழங்குடிகளான அவளுடைய ஒஜிப்வே மக்களின் சடங்குகளுக்கு அரசாங்கம் தடை போட்டிருந்த காலத்தில், முன்னோர்கள் துணி மடிப்புக்குள் தைத்து ஒளித்துக் காப்பாற்றிய விதையிலிருந்து வளர்ந்தது அது.

"அந்த விதைக்குத்தான் வந்தேன்க்கா. டொராண்டோவுல எங்க கம்பெனி கேக்குது. ஒரு பிடியோட போனா நான் மேனேஜர். டப்பாவுல உன் படத்தையே போடுவாங்களாம்."

"என் மூஞ்சியைப் பார்த்தா புகைக்கிறவன் அந்தப் பழக்கத்தையே விட்டுடுவான்."

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த படகோட்டி கிளாரன்ஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

"விளையாடாதேக்கா."

"யாருடா விளையாடறது? கம்பெனி கைக்குப் போனா நாளைக்கே அது அவங்க விதைன்னு பத்திரம் எழுதிக்குவாங்க. நம்ம சடங்குக்கு நாமளே அவங்க வாசல்ல போய் நிக்கணும். முடியாது."

எல்டன் அசரவில்லை. தன் பெட்டியைத் திறந்து, புதிதாகக் கட்டிய இன்னொரு சிவப்பு முடிச்சை எடுத்து நீட்டினான்.

"அப்போ முறைப்படியே கேக்கறேன். எனக்கு ஒரு பிடி விதை வேணும்."

கிளாரன்ஸின் கோப்பை பாதி வழியில் நின்றது. நீட்டிய புகையிலையை வாங்கிக்கொண்டால் கேட்டதற்குச் சம்மதித்தாயிற்று. பிறகு பின்வாங்க முடியாது. அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ரோசெல்லாவோ இதுவரை யார் நீட்டிய புகையிலையையும் திருப்பி அனுப்பியதில்லை. அது தெரிந்துதான் எல்டன் வந்திருந்தான்.

"வாங்காதே ரோசெல்லா! படிச்ச திருடன் இவன்!"

"திருடனா இருந்தாலும் என் சித்தி மகன், கிளாரன்ஸ் அண்ணே."

அவள் முடிச்சை வாங்கிக்கொண்டாள். மேல் தட்டிலிருந்த விதை டப்பாவைத் திறந்து, ஒரு பிடியைத் தாளில் மடித்து அவனிடம் கொடுத்தாள். கிளாரன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் குரலில் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை.

"கேட்டதைக் குடுத்துட்டேன். என் வாக்கு தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சுக்கா! உன் மனசு யாருக்கு வரும்!" எல்டன் வாயெல்லாம் பல்லாகக் கதவை நோக்கி நடந்தான்.

"நில்லுடா. உன் வாக்கு பாக்கி இருக்கு."

"என் வாக்கா?"

"உள்ள நுழையும்போதே என்கிட்ட ஒரு முடிச்சு வாங்கிக் கோட்டுல போட்டுக்கிட்டியே, அதுக்கு நான் என்ன கேக்கப் போறேன்னு இன்னும் சொல்லவே இல்லையே!" என்றாள் ரோசெல்லா. "அந்த விதை என் தோட்டத்தைத் தவிர வேற எந்த மண்ணுலயும் விழக் கூடாது. மண்வெட்டி கதவுக்குப் பின்னாடி இருக்கு."