நாலு காலத்துப் பூ

"பூவுக்கெல்லாம் ஒரு நேரங்காலம் இருக்கு தம்பி. நீங்க கேக்குற மாதிரி எந்தத் தோட்டத்துலயும் பூக்காது!"

எம்பிராய்டரி அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதிரே நின்ற பஸ் டிரைவரை ஏற இறங்கப் பார்த்தாள். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்.

குழந்தை வந்த வீட்டுக்கு அக்கா போட்டுத் தரும் பூவட்டம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். வெள்ளைத் துணியில் வட்டமாகப் பூக்கள், நடுவில் குழந்தையின் பெயர். பிள்ளை எந்தப் பருவத்தில் பிறந்ததோ, அந்தப் பருவத்துப் பூதான் போடுவாள். இருபது வருஷமாக இதில் அவள் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை.

"வசந்தத்துல பிறந்தா இளஞ்சிவப்பு, வெளிர் ஊதா. கோடைன்னா பளிச்சுனு சூரியகாந்தி. இலையுதிர் காலத்துக்குச் சாமந்தி, செம்பழுப்பு இலை. குளிர்காலம்னா வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும். உங்க பொண்ணுக்கு எது?"

"நாலும் வேணும்க்கா. ஒரே வட்டத்துல."

"நல்லா இருக்கே! பிள்ளை ஒரு நாள்லதானே பிறந்திருக்கும்? வருஷம் பூராவுமா பிறந்துக்கிட்டே இருந்துச்சு?"

டிரைவர் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம்க்கா. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவ ரூம் சுவர்ல இதை மாட்டணும்னு ஆசை. விஷயம் என்னன்னா..."

"விஷயமெல்லாம் எனக்குத் தெரியும். முதல் பிள்ளைதானே? உலகத்துல இருக்கிற பூவையெல்லாம் வாரிக் கொட்டணும்னுதான் தோணும். வீட்டுக்காரம்மா நல்லா இருக்காங்களா? நல்லாத் தூங்கச் சொல்லுங்க. இனிமே தூக்கம் கிடைக்காது!"

அக்காவின் ஊசிக்காவது நூல் தீர்ந்தால் ஓய்வு உண்டு. வாய்க்குக் கிடையாது. டிரைவர் இரண்டு முறை வாயைத் திறந்து பார்த்தார். அப்புறம் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

'ஆம்பளைக்கு என்ன தெரியும்? முடிச்சுக் காட்டினா வாயடைச்சுப் போயிடுவாரு' என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே மரங்கள் இலையை உதிர்த்துக்கொண்டிருந்தன. யோசிக்க என்ன இருக்கிறது? செம்பழுப்பு நூலை எடுத்தாள்.

புதன்கிழமை டிரைவர் வந்தபோது பூவட்டம் தயாராக இருந்தது. வட்டம் முழுக்கச் சாமந்தி. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ரொம்ப அழகா இருக்குக்கா. ஆனா இது வேண்டாம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என்ன தம்பி விளையாடுறீங்களா? நீங்க சொன்ன மாதிரி போட்டா, பாக்குறவங்க சிரிப்பாங்க. அடியில என் பேரு இருக்கு!"

"யாரு சிரிச்சாலும் பரவாயில்லக்கா. இது என்னோடது இல்லையோன்னு அவ நினைச்சிடக் கூடாது. அவ்வளவுதான்."

"பச்சைப் பிள்ளை என்னத்தை நினைக்கும்? இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. முக்கால்வாசியைப் பிரிக்கணும், மறுபடி போடணும். நடக்கிற காரியமா?"

"பிரிக்கிற வேலையை எனக்குக் குடுங்க."

சொன்னதோடு நிற்காமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டார். அக்கா வேண்டாவெறுப்பாகச் சின்னக் கத்தரிக்கோலை நீட்டினாள். துணியில் ஒரு கீறல் விழாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தையலாக அவர் எடுத்தார். ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. இப்படி ஒரு தகப்பனிடம் எத்தனை நேரம்தான் கோபத்தைப் பிடித்து வைப்பது? அக்காவே எழுந்து போய் அவருக்கும் சேர்த்து டீ போட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்தாள். வசந்தத்துக்கு இதழ் இதழாகச் சங்கிலித் தையல், சூரியகாந்திக்கு நெருக்கமான நிரப்புத் தையல், சிவப்புப் பழத்துக்குக் குட்டி முடிச்சுகள். ஒரு பருவம் இன்னொன்றைத் தொடும் இடம்தான் உயிரை வாங்கியது. இளம்பச்சையில் ஓர் இழை, கரும்பச்சையில் ஓர் இழை சேர்த்து ஊசியில் கோத்து, ஒரே கொடியாக ஓட்டினாள். முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தாள். அட, நன்றாகத்தான் இருந்தது! இதை வெளியே சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் டிரைவரின் குரல் கேட்டது. அக்கா அவசர அவசரமாகக் கையைக் கழுவித் துடைத்தாள்.

"குழந்தையை வாசல் காத்துல நிறுத்தாதீங்க, உள்ள கொண்டாங்க! முதல்ல என் கையில குடுங்க, பாக்கணும்!"

டிரைவரும் மனைவியும் உள்ளே வந்தார்கள். இருவர் கையிலும் குழந்தை இல்லை. மனைவியின் விரலைப் பிடித்தபடி, முன்பல் இரண்டும் விழுந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை.

நீட்டிய கையோடு அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தப் பெண்ணோ யாரையும் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த பூவட்டத்தின் அருகே போய், நடுவிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு ஒரு பூ விடாமல் வட்டம் முழுக்க விரலால் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் எப்போ பிறந்தேன்னு நான் இருந்த ஹோம்ல யாருக்குமே தெரியாது ஆன்ட்டி, அதான் அப்பா எல்லாப் பூவையும் போடச் சொல்லியிருக்காரு!"